வெடிமருந்து அறையின் கண்ணாடி

சந்திரகலா எதற்கும் பயப்படுகிற ஆள். வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறுவாள். திருவண்ணாமலையில், பழைய கட்டடங்களை ஆய்வு செய்யும் எங்கள் சின்ன அலுவலகத்தில் பத்து வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. நான் அவளைக் கேலி செய்யாத நாள் கிடையாது. போன வெள்ளிக்கிழமையோடு அதை நிறுத்திவிட்டேன்.

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அவள் கவனித்துவந்தது ஒரு கடற்கரைப் பீரங்கிக் கோட்டையை. எதிரிக் கப்பல்களைச் சுட வெள்ளைக்காரன் கட்டியது. இரண்டு பீரங்கிகள், பின்னால் செங்கல் வளைவுக் கூரையோடு ஒரு வெடிமருந்து அறை. உலகப் போரின்போது அந்தக் கூரைமேல் கான்கிரீட்டையும் ஏற்றினார்கள். ஒரு கப்பலும் வரவில்லை. போர் முடிந்ததும் பீரங்கிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கான்கிரீட் அங்கேயே கிடக்கிறது. இப்போது கடல் அஸ்திவாரத்தை அரிக்கிறது. கூரையில் நீளமாக ஒரு விரிசல்.

விரிசல் வளர்கிறதா என்று அறிய, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒட்டுவோம். கூரை அசைந்தால் கண்ணாடி உடையும். சந்திரகலாவே போய் ஒட்டிவிட்டு வந்தாள். காவலாளி அப்பாதுரை மாதாமாதம் செல்போனில் படம் அனுப்புவார். மூன்று மாதமும் கண்ணாடி முழுசாக இருந்தது. ‘அசைவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை நம்பித்தான் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட அனுமதி கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நாலாவது படம் வந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“பளபளன்னு இருக்குது பாருங்க.”

“நல்லதுதானே?”

“உப்புக் காத்துல நாலு மாசம் இருந்த கண்ணாடி எப்படிங்க இப்படி இருக்கும்?”

அவள் அப்பாதுரைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அண்ணா, அந்தக் கண்ணாடிய மாத்துனீங்களா?”

“உடைஞ்சி போச்சும்மா. நான் சரியா பாத்துக்கலன்னு நெனப்பீங்களேன்னு, கடையில அதே மாதிரி வெட்டி வாங்கி ஒட்டிட்டேன்.”

“எத்தினி தடவ?”

“மொதல்ல மாசத்துக்கு ஒண்ணு. இப்ப கொஞ்சம் ஜாஸ்தி. காலையில ஒட்டி படம் அனுப்பினேன்ல, அதுவும் உடைஞ்சிடுச்சு.”

“உள்ள யாரு இருக்காங்க?”

“ஸ்கூல் பசங்க, நாப்பது பேரு.”

“எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க. இப்பவே. நீங்களும் வந்துடுங்க.”

அதன்பிறகு காலடிச் சத்தம் கேட்டது. ஒரு டீச்சர் அதட்டினார், பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். சந்திரகலா துப்பட்டாவை வாயில் கடித்தபடி நின்றாள். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ, எனக்கு அது முடிகிற மாதிரியே தெரியவில்லை. கடைசியில் அலைச் சத்தம் கேட்டது.

“எண்ணிட்டேம்மா. நாப்பதும் வந்தாச்சு. கோவப்படாதீங்க, இன்னொரு கண்ணாடி மீதி வச்சிருக்கேன். ஓடிப்போயி ஒட்டிட்டு வந்துடறேன்.”

“போவாதீங்கண்ணா.” அவள் அழுதுவிட்டாள். “உங்க மேல தப்பில்ல. அது எதுக்குன்னு நான்தான் உங்களுக்குச் சொல்லாம வந்துட்டேன்.”