முறிகண்டியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்

போன வருடம், ஏ9 வீதியில், புளியங்குளம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. என் மகளுக்கு அன்று காலை வவுனியாவில் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. பிந்திப் போனால் உள்ளே விடமாட்டார்கள். அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்த நாள்.

அதைச் சொல்வதற்கு முன் என் சகலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பளையில் இருக்கிறான், என்னைவிட வயது குறைந்தவன். புதுக் கார் வாங்கினான். எஞ்சினுக்கு வேகம் கூட்டுகிற டர்போவைக் கம்பனியிலேயே பூட்டி வந்த கார். ஒருநாள் பரந்தனுக்கு இந்தப் பக்கம் எங்களை முந்திக்கொண்டு போனான். அவன் மனைவி உள்ளே இருந்து கை காட்டினாள். என் மனைவி சிரித்துக்கொண்டே, "தங்கச்சியாக்கள் பறக்கினம், நாங்கள் உருளுறம்," என்றாள். அவளுக்கு அது பகிடி. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னுடையது பழைய ஜப்பான் கார். தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குத் தினமும் வேலைக்குப் போவது அதில்தான். ஒரு நாளும் என்னைத் தெருவில் விட்டதில்லை. அந்தக் காருக்குத்தான் நான் வெளியே ஒரு டர்போ வாங்கிப் பூட்டுவித்தேன். பூட்டியவன் எப்படிப் பறக்கும் என்று மட்டும் சொன்னான். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டியது, அது போதும் எனக்கு.

பிறகு எஞ்சின் ஒயில் குறையத் தொடங்கியது. யாருக்கும் தெரியாமல் ஊற்றி நிரப்பினேன். மனைவி மூக்கைச் சுளித்து, "என்னப்பா, ஏதோ கருகிற மாதிரி மணக்குது," என்றாள். உன் சமையலாக இருக்கும் என்றேன். வீட்டில் ஒரு கிழமை முழுக்கப் பேச்சில்லை.

தேர்வுக்கு முதல் நாள் சகலன் போன் எடுத்தான். "அண்ணை, நான் நாளைக்கு வவுனியாவுக்குத்தான் போறன். பிள்ளையை ஏத்திக்கொண்டு போறன், நீங்கள் ஏன் மினக்கெடுறியள்?"

"எங்களிட்டையும் கார் இருக்கு," என்று வைத்துவிட்டேன்.

காலையில் மகளை ஏற்றிக்கொண்டு காரை விரட்டி வந்து முறிகண்டியில் நிறுத்தினேன். அந்த வீதியால் போகிற யாரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போவதில்லை. கோயிலைக் கண்டதும் எஞ்சினை நிறுத்துவது என் வழக்கம். சாமிக்கு முன்னால் உறுமிக்கொண்டு நிற்பதா? அங்கே சகலனும் நின்றான், எஞ்சினை ஓடவிட்டபடி. அவன் எப்போதும் அப்படித்தான். அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேங்காய் உடைத்துவிட்டுக் காருக்குள் ஏறிய பிறகு கேட்டேன்:

"என்ன, பிள்ளையாருக்கும் உன்ரை கார்ச் சத்தம் கேக்க வேணுமோ?"

அவன் கிட்ட வந்தான். "இல்லையண்ணை. ஓடி வந்த உடனை நிப்பாட்டினால் டர்போ பழுதாப் போகும். கொஞ்சம் ஆறவிட்டுத்தான் நிப்பாட்ட வேணும். உங்கடைக்கும் அப்பிடித்தான்."

"எனக்குப் படிப்பிக்காதை," என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவனுக்குத் தூசி பறக்கக் காட்டிவிட்டுப் புறப்பட்டேன். மகள் பைலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

மாங்குளம் தாண்டிய பிறகு பின்னால் நீலப் புகை. புளியங்குளத்தைக் கிட்டும்போது ஒயில் விளக்குச் சிவப்பாக எரிந்தது. முன்னால் ஏதோ கிறீச்சிட்டது. கார் நின்றது. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் காடு. ஒரு பஸ் வந்தது, கையைக் காட்டக் காட்ட நிற்காமல் போனது. மகள் அழவில்லை. கைபேசியில் நேரத்தைப் பார்ப்பதும் வீதியைப் பார்ப்பதுமாக நின்றாள். அது அழுவதைவிட மோசம்.

பின்னால் வந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த நேரத்திலும் வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. அவன் என் காரைப் பார்த்தான், புகையைப் பார்த்தான். "ஏறு பிள்ளை," என்றான் மகளிடம். பிறகு என்னிடம், "நீங்களும் ஏறுங்கோ அண்ணை. காரை ஆரும் தூக்கிக்கொண்டு போகாயினம்," என்றான். நான் ஏறவில்லை. அவர்கள் போனார்கள்.

கராஜில் கழற்றியபோது டர்போவுக்கு ஒயில் போகிற குழாய் கரி பிடித்து அடைபட்டிருந்தது. சூட்டோடு நிறுத்தும்போதெல்லாம் உள்ளே நின்ற ஒயில் கருகியிருக்கிறது. முறிகண்டியில் நான் காட்டிய பக்திதான் பாதிக் கரி. எஞ்சினும் சேர்ந்து போய்விட்டது. வேறு எஞ்சின் போட்டேன், டர்போ இல்லாமல். தினமும் ஓடுகிற பழைய காருக்கு அது தேவையே இல்லை.

மகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இப்போது பயிற்சியில் இருக்கிறாள். லீவுக்கு வரும்போது அவன்தான் சில வேளை கூட்டி வருகிறான். சித்தப்பா சித்தப்பா என்று வாய் ஓயாமல் சொல்கிறாள். எனக்கு எரிகிறது. எரியவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. முறிகண்டியில் அவன் எஞ்சினை ஓடவிட்டு நிற்பதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், இப்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கிறேன்.