பாதி மடங்கும் விரல்

அவர் ஒல்லியான மனிதர். தோளில் பச்சைத் துண்டு, சட்டைப்பையில் வறுத்த கடலை. ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கும் அம்மாவுக்கும் எதிரே உட்கார்ந்து, தழும்பேறிய நடுவிரலால் அழுத்தி ஒவ்வொன்றாக உரித்தார். எல்லோரும் அந்த விரலைப் பார்க்க வேண்டும் என்றே உரிப்பதாக எனக்குத் தோன்றியது.

தீவனம் வெட்டும் மெஷினில் அம்மாவின் நடுவிரல் மூட்டு நசுங்கியிருந்தது. விலாவிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து மூட்டைச் சரிசெய்யலாம் என்று தர்மபுரி டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். முடிவெடுக்க வேண்டியவளும் நான்தான்.

"எனக்கும் அப்படித்தாங்க வெச்சாங்க. தைரியமா செய்ங்க," என்றார் கடலை உரித்தவர்.

"ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிச்சுக் குடுத்தா உங்களுக்கு என்ன தருவாங்க?" என்றேன்.

சிரித்தார். "ஒரு டீ கூட வாங்கித் தர மாட்டேங்கறாங்க கண்ணு."

அம்மா குறுக்கிட்டாள். "பால் கறக்க முடியுங்களா?"

"கறக்கலாங்க. ஆனா முழுசா மடங்காது. பாதிதான்."

இதை டாக்டர் சொல்லவில்லையே. உள்ளே போய்க் கேட்டேன். "ஆமாம், பாதிதான் மடங்கும்," என்றார். ஆள் பிடிக்க வந்தவர் இதை ஏன் சொல்ல வேண்டும்?

"செஞ்சிரலாம் பாப்பா," என்றாள் அம்மா.

இப்போது அம்மா கறக்கிறாள். போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது, கையில் கட்டுடன் இருந்த ஒரு பெண்ணிடம் தன் விரலை மடக்கிக் காட்டினாள். அந்தப் பெண்ணின் மகன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க இந்த ஆஸ்பத்திரி ஆளுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று அந்த மனிதரால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.