தேர்க் கொட்டகைக்குக் கதவு எண் கிடையாது

என் பெரிய பேரன் பி.ஏ. முடித்துச் சென்னையில் பாங்கு உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டான். பேத்தி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்துக்கே முதல். சின்னவன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தான். அஞ்சாவதோடு நின்றுபோன எனக்கு இதையெல்லாம் சொல்லி அலுப்பதே இல்லை. சென்ற மார்கழியில் ஒரு காலை பால்காரரை நிறுத்தி வைத்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கே பேசினார். "எம்மா, தேர்க் கொட்டகை கன்னியம்மா எழுந்துக்கலம்மா. ஒடம்பு வெறச்சிக் கெடக்குது."

நம் தெருவில் பிறந்து இன்று வெளியூரில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். குளிர் அவளைக் கொன்றது என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். குளிர் ஊருக்கே பொதுவாகத்தான் அடித்தது. கதவு இருந்தவர்கள் எழுந்து காபி குடித்தோம்.

அவள் புருஷன் நெய்த தறி முதலாளியுடையது. தறி இருந்த வீடும் அவருடையதுதான். புருஷன் செத்துக் காரியம் முடிந்த மறுநாளே, "வேற நெசவாளி வரணும், காலி பண்ணும்மா" என்றார்கள். பிள்ளை குட்டி கிடையாது. கோயில் மண்டபம் ஒன்றில் போய்ப் படுத்தாள். மார்கழி விடியலில் மண்டபம் கழுவ வந்தவர்கள் அவளை எழுப்பக்கூட இல்லை, தண்ணீரை அப்படியே ஊற்றினார்கள். நனைந்த கோணியைப் பிழிந்துகொண்டே, "சாமிக்கு முன்னாடி என்னைக் குளிப்பாட்டிட்டீங்களேபா" என்றாளாம். அன்று தேர்க் கொட்டகைக்கு வந்தவள் அதன்பின் வேறெங்கும் போகவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ரேஷன் கார்டு. பட்டு நூல் இழைத்து வரும் கூலிக்கு வெளிக்கடை அரிசி கட்டாது. தாலுகா ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். குமாஸ்தா நிமிராமலே கதவு எண் கேட்டார்.

"தேர்க் கொட்டகை சார்."

"தேருக்கு ஏதும்மா கதவு எண்? வெலாசம் இல்லாதவங்களுக்குக் கார்டு கெடையாது."

"சாமிக்கு ஊடு இருக்குது. சாமி ஏறுற வண்டிக்கும் ஊடு இருக்குது. நான் மட்டும் இந்த ஊர்ல இல்லையா சார்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எங்கள் கார்டிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "இன்னா ஒறவு? வேலைக்காரின்னு போட்டுடலாமா?" என்றார் குமாஸ்தா.

கன்னியம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாக்கா, போவலாம். அரிசிக்கோசரம் இல்லாத ஒறவ எழுத வேணாம்." படி இறங்கும்போது அவளே சொன்னாள்: "ஒத்த ஆளுன்னா குடும்பம் இல்லியா? நான்தான் தலைவி, நான்தான் குடும்பம். எம் பேர்ல குடுக்கட்டும், வாங்கிக்கறேன்." அதற்குப் பிறகு எத்தனையோ முறை தனியாகப் போய்க் கேட்டாள். பதில் மாறவே இல்லை.

தறிக்கு ஏற்றும் நீள இழைகளைத் தெரு நெடுகக் கட்டிப் பாவு நீட்டும் நாட்களில் பனி விலகுமுன் அவள்தான் முதல் ஆளாக வந்து நிற்பாள். ஒருநாள் பட்டு இழைகளுக்கு நாங்கள் கஞ்சி தெளிக்கும்போது சட்டியை எட்டிப் பார்த்தாள். "அரிசிக் கஞ்சிதானேக்கா? இந்த நூலு எந்த ஊட்டுக் கார்டுல வாங்குது?" தெருவே சிரித்தது. அன்று என் வீட்டில் சாப்பிட்டாள். மறுநாள் கூப்பிட்டதற்கு வரவில்லை.

இருமல் முற்றியபோது ஆஸ்பத்திரியில் பாட்டிலில் மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். குளிரில் படுக்காதே, வெந்நீர் குடி என்று புத்தி சொன்னார்கள். "ஆவட்டுங்க, இன்னிலேர்ந்து மெத்தைலயே படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தேரை மூடிய அந்தத் தகரத்தின் அடியில்தான் வந்து படுத்தாள்.

இறப்பைப் பதிய முனிசிபல் ஆபீசுக்கு என் மகனோடு போனேன். செத்த இடம் கேட்டார்கள். தேர்க் கொட்டகை என்றோம், எழுதினார்கள். குடியிருந்த இடம் கேட்டார்கள். அதுவும் தேர்க் கொட்டகைதான் என்றோம், அதையும் எழுதினார்கள்.

"கதவு எண் வேணாமா?" என்று கேட்டேன்.

"இதுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

அரிசி கேட்டபோது இல்லாத விலாசம் பிணத்துக்கு எங்கிருந்து வந்தது? அந்த ஆபீசிலேயே நின்று சத்தமாகக் கேட்டேன். என் மகன் வெளியே இழுத்து வந்தான்.

அவள் விட்டுப்போன பண்டம் என்று என்னிடம் எதுவும் இல்லை. அவள் வாயை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். கொட்டகையில் இப்போது கைக்குழந்தையோடு வேறொருத்தி இருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு அதே தாலுகா ஆபீசுக்குப் போனேன். கொட்டகையில் யாருமே குடியிருக்கவில்லை என்று விசாரித்து எழுதியாகிவிட்டதாம். உங்களில் ஒருவர் போன முறை வந்தபோது அவளை எடுத்துத் தந்த படத்தைக் காட்டினேன். அதில் முகம் மட்டும்தான் இருக்கிறது, எந்த இடம் என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகையால் பிள்ளைகளே, அடுத்து ஊருக்கு வருகிறவர் காமிராவோடு வாருங்கள். புதிதாக ஒரு படம் எடுங்கள். அந்தப் பெண், அவள் மூட்டிய அடுப்பு, குழந்தையின் தூளி, பின்னால் தேர்ச் சக்கரம் எல்லாம் ஒன்றாக விழ வேண்டும். பிலிமைக் கழுவியதும் படத்தைத் தபாலில் போடுங்கள். அந்தத் தாலுகா ஆபீஸ் மேசைமேல் நான் கொண்டுபோய் வைக்கிறேன்.