இருபது பாட்டில் மாம்பழ பீர்

லேபில் ஈஸ்ட்டை வளர்ப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. ஆகவே வீட்டில் பீர் காய்ச்சும்போது நான் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. அன்னாசி, லிச்சி, கொய்யா என்று நான் போட்டுப் பார்க்காத பழம் குறைவு. ஒன்றுகூடச் சோடை போனதில்லை. இந்தத் தடவை மாம்பழம். இந்தப் பிரெஞ்சு ஊரில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் நான் வாடிக்கையாகக் காய்கறி வாங்கும் கடை அண்ணை, நன்றாகக் கனிந்த ஒரு பெட்டிப் பழத்தை என் பக்கம் தள்ளி, "ஜூஸ் அடிக்கவோ தங்கச்சி?" என்றார். "ஓம் அண்ணை" என்றேன், அவருடைய ஈழத்துப் பேச்சிலேயே. பொய்தான். பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள்.

அம்மா மூன்று மாத விசாவில் மதுரையிலிருந்து வந்திருந்தாள். அப்பா குடித்தே செத்தவர். இருபத்தாறு வருஷம் அந்த மனிதரின் கத்தலைக் கேட்டவளிடம் போய், நானும் குடிப்பேன், அதிலும் நானே காய்ச்சிக் குடிப்பேன் என்று எப்படிச் சொல்வது? வேறு எதற்கும் பயப்படாத எனக்கு இதற்கு மட்டும் பயம் இருந்தது. "லேப் சாமான், தொடாதே" என்று சொல்லி, வாளியைக் குளியலறை மூலையில் துண்டு போட்டு மூடி வைத்தேன். இரண்டே அறை வீட்டில் பத்து லிட்டர் வாளி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

மூன்று வாரத்தில் நுரை அடங்கியது. இனி பாட்டிலில் அடைத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பியதும் வேலையை ஆரம்பித்தேன். பாட்டில்களைக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி எடுத்து, தரையில் வரிசையாக நிறுத்தினேன். அடியில் படிந்த மண்டி கலங்காமல் பீரை வேறு வாளிக்கு மாற்றி, அறுபது கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்துச் சேர்த்தேன். பாட்டிலுக்குள் வாயு ஏற ஈஸ்ட்டுக்கு அதுதான் தீனி. அளவு கூடினால் பாட்டில் வெடிக்கும். என் கையில் எதுவும் வெடித்ததில்லை. ரப்பர் குழாய் வழியாக முதல் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. குடையை மறந்துவிட்டு அம்மா திரும்பி வந்திருந்தாள்.

"என்னடி இது?"

அவள் மூக்கைச் சுளித்ததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. "பீர்மா. நானே செஞ்சது" என்றேன். அதற்குள் பாட்டில் நிரம்பி வழிந்தது. என் இரண்டு கைக்கும் வேலை இருந்தது. "அம்மா, அந்த அடுத்த பாட்டிலை எடு, சீக்கிரம்!"

எடுத்துக் கொடுத்தாள். அதற்கடுத்ததையும் கொடுத்தாள். நான் நிரப்ப, அவள் துடைக்க, நான் மூடி வைத்து அழுத்த, இருபது பாட்டிலும் முடிந்தன. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்.

"இதைக் குடிச்சா நீயும் சத்தம் போடுவியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மாட்டேன்மா."

"எப்பக் குடிப்ப?"

"ரெண்டு வாரம் ஆகணும்."

"என் எதிர்ல குடி. நான் பாக்கணும்."

இரண்டு வாரம் கழித்து, மதியச் சாப்பாடு ஆனதும் ஒரு பாட்டிலைத் திறந்தேன். நல்ல நுரை, மாம்பழ மணம், கடைசியில் லேசான கசப்பு. பிரமாதம், அடக்கத்துக்காக அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மா எதிரில் நாற்காலியைப் போட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேபில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிக்கொண்டே குடித்தேன். அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். பாட்டில் தீர்ந்தது. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

இனி அம்மாவுக்கு நிம்மதி என்று நினைத்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் கண் கலங்கிவிட்டது.

"குடிச்சா யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும், அவர் மேல தப்பில்லைன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்டி" என்றாள்.