பட்டியலின் முதல் வரி

சுகாதாரத் துறையின் கணினிப் பிரிவில் அவனைப் 'பட்டியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. இணையப் படிவத்தில் ஒரு பெட்டியைத் தொட்டால் பட்டியல் விரியும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பெட்டியின் பட்டியல் தானாக மாறும். அந்த வித்தைக்கு நிரல் எழுதுவதுதான் பதினான்கு வருடமாக அவன் பிழைப்பு. வீட்டிலும் அதே புத்தி. மகள் பசிக்கிறது என்றால், "சூடாவா, ஆறினதா?" என்று கேட்பான். சூடு என்று அவள் சொன்ன பிறகுதான் சூடாக என்னென்ன இருக்கிறது என்று வாயைத் திறப்பான். ஏழு வயதுப் பிள்ளை அதற்குள் பசியே மறந்து நிற்கும்.

மகள் அவனோடு இருந்தாள். மனைவி நர்ஸ். பஸ்ஸில் ஏழு மணி நேரம் தள்ளியிருந்த ஊரில் நான்கு வருடமாக வேலை. மாதம் இரண்டு முறை வருவாள், வந்த அலுப்பு தீருவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். இந்த வருடம் அவன் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் இடம் காலியானது. மாறுதல் விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட வேண்டும். அந்தப் படிவத்தைச் செய்தவனே அவன்தான். மனைவி வீடு திரும்புவதற்கான கதவைத் தன் கையாலேயே செய்து வைத்திருப்பதாக அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை.

முதல் பெட்டியில் மண்டலம், இரண்டாவதில் ஆஸ்பத்திரி. மண்டலத்தை மாற்றினால் பழைய ஆஸ்பத்திரிகள் போய்ப் புதியவை வந்து உட்காரும். அவற்றுக்கு மேலே 'தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு வரியை வைத்திருந்தான். அது மேலதிகாரியின் கண்ணில் பட்டது.

"இது எதுக்குப்பா? வர்றவங்க தேர்ந்தெடுக்கத்தான வர்றாங்க. அதை அவங்களுக்கே சொல்லிக் குடுக்கணுமா?"

அவருக்கு விளக்கம் சொல்வதைவிட வரியை எடுப்பது சுலபம். எடுத்துவிட்டான்.

கடைசித் தேதி முடிந்த மறுநாள் காலை விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தான். மலையடிவாரத்தில் எட்டுப் படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு பஸ், அதுவும் டிரைவர் மனது வைத்தால். பதினோரு வருடமாக அங்கே போகிறேன் என்று ஒரு ஜீவனும் எழுதிக் கொடுத்ததில்லை. இப்போது முப்பத்தெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். பதினேழாவது பெயர் அவன் மனைவியுடையது. உடனே போன் போட்டான்.

"என் மேல ஏதாவது கோவமா?"

"ஏன், என்ன பண்ணி வெச்சீங்க?"

"மலையடிவாரத்துக்கு எழுதிக் குடுத்திருக்கியே."

"நானா? நம்ம ஊரைத்தான் போட்டேன். ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."

"ரெண்டாவது தடவை எப்படிப் பாத்த?"

"மண்டலம் சரியான்னு திறந்தேன். விரல் பக்கத்து மண்டலத்துல பட்டுடுச்சு. உடனே பழையபடி மாத்திட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். மண்டலம் மாறியதும் நிரல் கடமை தவறாமல் ஆஸ்பத்திரிப் பட்டியலைப் புதிதாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. மேலே அந்த வரி இல்லாததால், அவர்கள் ஊர் மண்டலத்தில் அகர வரிசைப்படி முதலில் நின்ற மலையடிவார ஆஸ்பத்திரி தானாகத் தேர்வாகிவிட்டது. ஏனோதானோ என்று நிரப்பியவர்கள் எல்லாரும் தப்பித்தார்கள். மருந்துச் சீட்டை இரண்டு முறை படிப்பதுபோல மண்டலத்தையும் மறுபடி மாற்றிப் பார்த்த ரகம் மட்டும் கூண்டோடு மாட்டிக்கொண்டது.

தன் ஊர் இடத்துக்கு யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தான். ஒருவருமில்லை. மனைவியின் வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், திங்கட்கிழமை ஆணை வந்துவிடும். மாற்றுகிற அதிகாரமும் அவன் கையில்தான் இருந்தது.

"உன்னோடதை நானே இங்க சரி பண்ணிடறேன்."

"மத்த முப்பத்தேழு பேரோடது?"

"அவங்க எந்த ஊரைப் போட நெனச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"



"அப்ப அவங்க மலையடிவாரத்துல கிடக்கணும், நான் வீட்டுக்கு வரணும்," என்றாள், காய்ச்சல் அளவைப் படித்துச் சொல்கிற குரலில். "வேணாங்க."

மேலதிகாரி அதற்குள் முப்பத்தெட்டு என்ற எண்ணைக் கேள்விப்பட்டு உச்சி குளிர்ந்திருந்தார்.

"பாத்தியா, என்ன ஒரு சேவை மனப்பான்மை. எல்லாருக்கும் பாராட்டுக் கடிதம் குடுக்கலாம்னு இருக்கேன்."

நடந்ததைச் சொன்னான். அவர் முகம் சுருங்கியது.

"அந்த வரியை யாருய்யா எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

அவர் மேஜையில் இருந்த பேனாவைத் திறந்து மூடினார். "ஒரு வாரம் மறுபடி திறந்து விடு. தொழில்நுட்பக் காரணம்னு போட்டுக்கோ."

வரி திரும்பி வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் மறுபடி நிரப்பினார்கள். அவன் ஊரின் ஒற்றை இடத்துக்கு இந்தமுறை இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. பணிக்காலம் அதிகமுள்ளவருக்கே இடம் என்பது விதி. அந்த விதிக்கும் நிரல் எழுதியவன் அவன்தான். அது கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பெயரைச் சொன்னது. சாயங்காலம் வீட்டிலிருந்து போன் செய்தான்.

"யாருக்குங்க போச்சு?"

"அந்த முப்பத்தெட்டுல ஒருத்தங்க. உன்னைவிட ஆறு வருஷம் சர்வீஸ் ஜாஸ்தி."

"பசங்க இருக்காங்களா?"

"ஃபாரத்துல அதுக்குப் பெட்டி இல்ல."

அவனுக்கு அவள் மேல் பெருமையாக இருந்தது. அதே அளவு கோபமாகவும் இருந்தது.

"ஃபாரம் இப்ப சரியா வேலை செய்யுதுல்ல?" என்றாள்.

"செய்யுது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா எப்பப்பா இங்கயே வந்துடுவாங்க?"

அவன் வழக்கம்போல எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

"அடுத்த வருஷம்," என்றான்.