ஆறாம் நாள் தண்ணீர்

தெருவே அவளைத் தண்ணிக்காரி என்றுதான் கூப்பிட்டது. இருபது வருஷம் அப்பாவின் கிழங்கு அறைக்குத் தண்ணீர் சுமந்தவள். ஒரு நாளும் அந்த அறைக்குள் கால் வைக்க அவர் விட்டதில்லை. காட்டுக் கிழங்கு விஷம். சீவித் தொட்டியில் ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றி வந்தால் விஷம் இறங்கிவிடும். எத்தனை நாள் என்பதுதான் ரகசியம். நாலைந்து தொட்டிகள் ஒன்றாக ஊறியதால் குடத்தை எண்ணியும் அவளுக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

கேட்டால் அப்பா சொல்வார்: "நீ இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ. உனக்கெதுக்கு?"

போனாள். புருஷன் செத்ததும் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைத்து அப்பாவுக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். அப்போதும் ரகசியம் கேட்டால் அந்நியம். தண்ணீர் சுமக்க மட்டும் சொந்த மகள்.

மழை மூன்றாவது வருஷமும் ஏமாற்றியது. வயல்கள் கருகின. மலைச்சரிவில் கிழங்குக்கொடி மட்டும் பச்சையாக நின்றது. அந்த நேரம் பார்த்து அப்பாவைப் பக்கவாதம் தள்ளியது; பேச்சு போய்விட்டது. வெளியூரில் இருந்த தம்பிக்குப் போன் போட்டாள்.

"அப்பா உனக்குச் சொன்னாரேடா, எத்தனை நாள்?"

"சொன்னாருக்கா. நான் போன்ல கேம் ஆடிக்கிட்டிருந்தேன். மூணா, ஏழா... நெட்ல பாரேன்."

"பெத்த பொண்ணுக்கே சொல்லாத மனுஷன் நெட்டுக்கா சொல்லியிருப்பாரு?"

பக்கத்து வீட்டுக்காரி பசி பொறுக்காமல் இரண்டே நாள் ஊறவைத்துத் தின்றாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய வாந்தியைத் துடைத்தது தண்ணிக்காரிதான். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள் கிடந்தான்.

வீட்டுக்கு வந்து கிழங்கு அறையின் பூட்டை உடைத்தாள். கிழங்கைச் சீவி ஊறப்போட்டாள். நாள் குறைந்தால் சாவு. கூடினால், லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பிடித்த குடம், குழந்தை குடிக்க வேண்டிய குடம், வீணாகும்.

மூன்றாம் நாள் ஒரு துண்டை வேகவைத்து அப்பாவின் வாயருகே நீட்டினாள். வீட்டில் வேறெதுவும் வேகவில்லை. அவர் மிரண்டு, வேண்டாமென்று தலையாட்டினார். நான்காம் நாளும் அப்படியே.

ஐந்தாம் நாள் மோந்து பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். நாள் கணக்கைக் கறக்கத்தான் ஊட்டுகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. ஆனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டார், அந்த அறைக்கதவைச் சாத்துகிற அதே அழுத்தத்தோடு. அன்றைய தண்ணீரை அவருடைய வீம்பு குடித்தது.

ஆறாம் நாள் பசி ஜெயித்தது. வாயைத் திறந்தார்.

அவள் கை அவர் வாய்க்கு எட்டாத தூரத்தில் நின்றது. "ஆறு நாள் போதுமாப்பா?"

வாய் இன்னும் அகலமாகத் திறந்தது.

கிழங்கைத் தட்டில் திருப்பி வைத்தாள். வாசலில் தண்ணீர் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்துக் கத்தினாள்: "ஆறு நாள் ஊறணும்! தினம் தண்ணி மாத்துங்க! உங்க பொண்ணுங்களுக்கு முதல்ல சொல்லுங்கடி!"

உள்ளே அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"பொறுங்கப்பா," என்றாள், திரும்பிப் பாராமல். "அடுத்த தெருவுக்கும் சொல்லிட்டு வரேன்."