அந்தப் பானைக்குள் என்ன இருந்தது

நாகர்கோவிலில் ஓர் அச்சாபீசில் கல்லச்சுக்குப் படம் வரைவது என் வேலை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கல்லில் எதையும் இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். அது எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. மனிதரிடம் நாலு வார்த்தை பேசுவதுதான் பழகவில்லை.

ஒரு கோடையில் வாந்திபேதி பரவியது. குளத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி ஊர் ஊராக ஒட்ட வேண்டும் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு படம் கேட்டார்.

"எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் வெளங்கணும் ஓய்" என்றார்.

மூன்று கல் கூட்டி, மேலே மண்பானை வைத்து, ஆவி பறக்கிற மாதிரி வரைந்தேன். அருகில் ஒரு பெண், தண்ணீர் கொதித்துவிட்டதா என்று ஆவிக்கு நேரே இரண்டு கையையும் நீட்டிப் பார்க்கிறாள். அடுக்களையின் இருட்டை வரைந்தால் மை அப்பிவிடும் என்பதால் அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். இன்ஸ்பெக்டருக்குப் படம் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் ஒரு பெரிய குளத்தின் கரையில் இருக்கிறது. அடுத்த ஊரில் அந்த நோயால் சாவு விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இரண்டு ஊர்க் குளங்களுக்கும் தண்ணீர் வருவது ஒரே கால்வாயில். அக்காவுக்கு ஒரு சின்ன மகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுப் போனேன்.

ஊருக்குள் நுழையும்போதே முத்தாரம்மன் கோயில் முன்னால் பொங்கல் அடுப்புகள் வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தன. அது கோயில் கொடைத் திருவிழா நடக்கிற காலம் இல்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"என்னக்கா விசேஷம்?"

"ஏலே, ஒனக்குத் தெரியாதா? சர்க்காரே படம் ஒட்டியிருக்குலா, பேதி நிக்கதுக்கு அம்மனுக்குப் பொங்க விடுங்கன்னு."

"அந்தப் படத்த வரஞ்சதே நாந்தான்."

"நீயா? நல்லாத்தான் வரஞ்சிருக்கே. அந்தப் பொம்பள கும்பிடுகதப் பாத்து எனக்கே கண்ணு நெறஞ்சிட்டு."

"அவ கும்பிடல்லக்கா. வெள்ளம் கொதிச்சாச்சான்னு பாக்கா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "முத்தத்துல கல்லுகூட்டி எவளாவது குடிவெள்ளம் கொதிக்க வைப்பாளா? பானைக்குள்ள கெடக்கது வெள்ளமா அரிசியான்னு எவ கண்டா?"

"கீழ எழுதியிருக்கே."

"வாசிக்கதுக்கு ஒங்க ஆபீசுலேருந்து ஆளு அனுப்புனியா?"

"பிள்ளைக்குக் குடிக்க என்ன குடுக்கே?"

"கொளத்து வெள்ளந்தான். பொங்கத்தான் விட்டாச்சே, இனி என்ன பயம்?"

முதலில் தண்ணீரைக் கொதிக்கவை என்றேன். ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டே அவள் அடுப்பு மூட்டினாள். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தேன். கரி படிந்த சுவர், உறி, அகப்பை, குனிந்து ஊதுகிற அக்கா. இதில் எதைப் பார்த்தால் இது வீட்டுக்குள் நடக்கிற காரியம் என்று ஒருத்திக்குத் தெரியும்? அன்றைக்கு அக்காவிடம் கேட்ட அளவு கேள்விகளை நான் யாரிடமும் கேட்டதில்லை.

"உறியப் போடு, அடுக்களன்னு தெரிஞ்சிரும்" என்றாள். "பொம்பளய உக்கார வையி. பொறவு, குடிக்க ஆளு எங்க? ஆவிய மட்டும் வரஞ்சு வச்சா யாருக்கு என்ன தெரியும்?"

உண்மைதான். குடிக்கச் சொல்லுகிற படத்தில் ஒருவரும் குடிக்கவில்லை. கல்லில் கோடு கோடாக அத்தனை நாள் குனிந்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை.

கொதித்த தண்ணீர் ஆறியதும் அக்கா பித்தளைப் போணியில் மகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"பொக மணக்கு."

இதை எப்படிப் படத்தில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா யோசிக்கவில்லை. மீதித் தண்ணீரில் ஒரு பிடி சீரகத்தைப் போட்டு மறுபடியும் கொதிக்கவைத்தாள். ஆறுவதற்குள் சிறுமி முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

இந்தத் தடவை இரண்டு கையாலும் போணியைப் பிடித்து அண்ணாந்து குடித்தாள். முழங்கை இரண்டும் வெளியே விரிந்து நின்றன. இதுதான் எனக்கு வேண்டிய படம். பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

"அப்படியே நில்லு மக்கா."

அவள் நிற்கவில்லை. காலிப் போணியை அம்மாவிடம் நீட்டினாள்.